அயோடின் நாராயணசாமியும் அலமுவின் தேர்க்கோலமும்

என் மயிலுக்கு இரண்டு கண் வைத்த மனிதரைப் பற்றி எழுதப்போகிறேன். கோலத்து மயில் பக்கவாட்டில் நிற்கும். அதற்கு ஒரு கண்தான் தெரியும், ஒன்றே போதும். இரண்டாவதை, அதுவும் கழுத்தில், வைத்தவர் எங்கள் கீழ்வீட்டு நாராயணசாமி சார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கோபம் தீராமலே ஒருவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது எவ்வளவு சிரமம் என்பதைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை மாற்றலாகி நாங்கள் மதுரையிலிருந்து செகந்திராபாத் பக்கம் சைனிக்புரிக்கு வந்தபோது, மாடி வீடு எங்களுக்கு, கீழ்வீடு அவர்களுக்கு. நாராயணசாமி சாரின் முன்னோர்கள் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ரொட்டி சப்ளை செய்ய செகந்திராபாத் வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். அதனால் அவர் பேசுவது தமிழ்தான் என்றாலும் நடுநடுவே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஏன் என்பதற்கு கைக்கு எல்லாம் வந்து விழும். அவர் மனைவி அலமு அக்கா வேலூர்ப் பெண். மகள் அக்ஷதா கல்லூரியில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கிலும், தெலுங்கில் கேட்டால் இந்தியிலும் பதில் சொல்லுவாள்.

சாருக்கு உப்பலில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மாத்திரை முழுக்க மருந்து என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து கடுகளவுதானாம். மீதியெல்லாம் அது உதிராமல் பிடித்து வைக்கிற ஸ்டார்ச், அதாவது வெறும் மாவு. அந்த மாவு மூட்டை மூட்டையாக வரும். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, நீலக்கறுப்பாக மாறுகிறதா என்று பார்ப்பது சாரின் வேலை. மாறினால் ஸ்டார்ச். மாறாமல் மஞ்சளாகவே நின்றால் வேறு ஏதோ வெள்ளைப் பொடி, மூட்டை திரும்பிப் போகும்.

வேலையை வேலை இடத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் புண்ணியவான்கள். சார் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். புண்ணுக்குப் போடும் அயோடினை மருந்துக்கடையில் வாங்கி, தண்ணீர் கலந்து, பழைய காது சொட்டுமருந்து பாட்டில் ஒன்றில் ஊற்றி எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். பால்காரர் பால் ஊற்றினால் ஒரு சொட்டு. பன்னீர் வாங்கினால் ஒரு சொட்டு. நான் பெருங்காயம் கடன் கேட்டுப் போனால், கொடுப்பதற்கு முன்னால் அதிலும் ஒரு சொட்டு விட்டு, "பாத்தியாம்மா, பாதிக்கு மேல மாவு!" என்று பூரித்துப்போவார். சாப்பாட்டு நேரத்தில் அக்ஷதா தன் தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "அப்பா, நக்கோ! ப்ளீஸ் நக்கோ!" என்று கத்துவது மாடிவரை கேட்கும்.

"எதுக்கு சார் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனுஷன் பொய் சொல்லுவான். ஸ்டார்ச்சுக்குச் சொல்லத் தெரியாதும்மா" என்றார்.

இந்தச் சொட்டு பாத்திரத்தில் மட்டும் விழுந்தால் பரவாயில்லை. அலமு அக்கா அவர் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி செய்து கொடுப்பாள். பாட்டில் கொஞ்சம் ஒழுகினாலும் கஞ்சிச் சட்டையில் மார்புக்கு நேரே நீலப் படை கிளம்பிவிடும். அக்கா அதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தாள்: எலுமிச்சம்பழம். அரை மூடியை எடுத்துத் தேய்த்தால் நீலம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதனால் கல்யாணமோ கோயிலோ, சார் சட்டைப்பையில் பாட்டில், அக்கா கைப்பையில் எலுமிச்சம்பழம். அவர் முன்னால் சொட்டு வைத்துக்கொண்டே போவார், இவள் பின்னால் தேய்த்துக்கொண்டே போவாள். அவர்கள் குடும்பம் அப்படித்தான் நடந்தது.

அந்தக் காலனியில் தமிழர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் கணேஷ்குமார். அவர் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தபோது காலனியே திரண்டு போனோம். சுடச்சுட பாதாம் பால் கொடுத்தார்கள். சார் தன் டம்ளரில் ஒரு சொட்டு விட்டார், நிறம் மாறவில்லை. "சுத்தம்!" என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். கணேஷ்குமார் முகமெல்லாம் பல். சமையல்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சூடாக இருக்கும்போது அந்த நீலம் வராதாம். பால் ஆற ஆற, மஞ்சள் பாதாம் பாலில் நீலம் கிளம்பி, டம்ளர் முழுக்க வாழை இலைப் பச்சையாகிவிட்டது. சார் நாற்காலியை விட்டு எழுந்தார். "வாபஸ்! சுத்தம்னு சொன்னதை வாபஸ் வாங்கறேன்! கார்ன்ஃப்ளவர் இருக்கு!"

கையில் டம்ளர் வைத்திருந்தவர்கள் எல்லாம் அதைக் கீழே வைத்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். "ஹவ் சாப், டாலா. கைக்கு? நக்கோ க்யா?" என்றார். ஆமாம், போட்டேன், ஏன், வேண்டாமா என்று கேட்கிறார். அவருக்கு அது சமையல், சாருக்கு அது கலப்படம். கணேஷ்குமார் அன்று வாய் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காலனியில் யார் வீட்டு விசேஷத்துக்கும் கீழ்வீட்டுக்கு அழைப்பு வருவது நின்றுபோனது. வந்தாலும், "அலமு, நீ மட்டும் வாயேன்" என்று வரும். அவரை விட்டுவிட்டு அவள் போகமாட்டாள்.

எனக்கு அக்காவைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பேசிச் சிரிக்கிற பெண். வீட்டிலேயே அடைந்து கிடந்தாள். சாருக்கு இது எதுவும் தெரியவே தெரியாது. அழைப்பு வராததை அவர் கவனித்திருந்தால்கூட, எண்ணெய்ச் சாப்பாடு மிச்சம் என்றுதான் நினைத்திருப்பார்.

இதற்கு நடுவில் வந்தது கோலப்போட்டி. வருடா வருடம் பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பூங்காவுக்கு எதிர்த் தெருவை இரண்டு பெஞ்சு போட்டு மறித்துச் சங்கம் நடத்துகிற போட்டி. அதில் ஒரு கறாரான விதி: அரிசி மாவில்தான் கோலம் போட வேண்டும். எறும்புக்கும் குருவிக்கும் அது சாப்பாடாம். ஆனால் இந்த ஊரில் தள்ளுவண்டியில் கூவிக்கூவி விற்பது கல்மாவு. விலை மலிவு, விரலில் ஒட்டாது, கோடு பளிச்சென்று விழும். அதனால் ஒவ்வொரு வருடமும், "நீ கல்லைக் கலந்தே, நான் பாத்தேன்" என்று சண்டை வரும். போன வருடம் சண்டை முற்றியபோது, எறும்பே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார் கணேஷ்குமார். எல்லோரும் வெயிலில் நின்று எறும்புக்காகக் காத்திருந்தோம். எறும்புகளும் வந்தன. ஏதோ குழந்தை போட்டுவிட்டுப் போன கிரீம் பிஸ்கட்டை மொய்த்துவிட்டு, எங்கள் கோலங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன.

ஆகவே இந்த வருடம் கணேஷ்குமாருக்கு வேறு வழியில்லை. பாதாம் பால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு, சாரிடம் வந்து கேட்டார். சார் என்ன சொல்லியிருப்பார் என்று எழுதவே வேண்டாம். "ஆனா உங்க வீட்டம்மாவும் கலந்துக்கறாங்களே சார்?" என்று கணேஷ்குமார் இழுத்தபோது, "சொட்டுக்குச் சொந்தபந்தம் கிடையாது" என்றாராம்.

அலமு அக்கா போடும் கோலம் லேசுப்பட்டதல்ல. தேர்க்கோலம் போட்டாள் என்றால் வடம் பிடித்து இழுக்கலாம் போல இருக்கும். ஆனாலும் முதல் பரிசான குத்துவிளக்கு அவளுக்குக் கிடைத்ததே இல்லை. "இந்தத் தடவை அந்தக் குத்துவிளக்கு உங்களுக்குத்தான்க்கா" என்றேன்.

"எனக்கு வெளக்கு வேணாம் ஷோபா. வீட்ல ரெண்டு இருக்கு" என்றாள். "மைக்ல ஒரே ஒரு தடவை அலமேலுன்னு என் பேரைச் சொல்லணும். அது போதும். இந்தக் காலனியில நான் யாருன்னு கேட்டா, அயோடின் சார் வீட்டம்மாங்கறாங்க. காய்க்காரன்கூட அப்படித்தான் கூப்பிடறான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

போட்டியன்று காலையில் அவள் பச்சை மூடி போட்ட டப்பா ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "என்னக்கா, புதுசா ஏதோ நடந்திருக்கு போல?" என்றேன். "அப்புறம் சொல்றேன் போ" என்று வெட்கப்பட்டாள். கல்யாணமான புதிதில் பெண்கள் வெட்கப்படுவார்களே, அந்த மாதிரி.

கொஞ்ச நேரத்தில் சார் படியேறி என் வீட்டுக்கு வந்தார். மனிதர் பதறிப்போயிருந்தார். "என் பிளாங்க்கைக் காணோம்மா. நீ எடுத்தியா?"

"அப்படின்னா என்ன சார்?"

பிளாங்க் என்றால், ஸ்டார்ச் கொஞ்சமும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பொடி. உண்மையான பரிசோதனைக்கு முன்னால் அதில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். அது நிறம் மாறாமல் இருந்தால்தான் பாட்டிலில் இருப்பதை நம்பலாம். இதற்காகவே தள்ளுவண்டியில் கல்மாவு வாங்கி, நைசாகச் சலித்து, எடுத்து வைத்திருந்தாராம். "பிளாங்க் இல்லாம டெஸ்ட் பண்றதும், தாலி இல்லாம கல்யாணம் பண்றதும் ஒண்ணு" என்று புலம்பினார். நான் போட்டியில் போடப்போகும் மயிலைப் பற்றிய கவலையில் இருந்தேன். "அக்ஷதாவைக் கேளுங்க சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

போட்டி நன்றாகத்தான் நடந்தது. கோலங்களெல்லாம் முடிந்து, அவரவர் பெயர் எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் நிற்க, சார் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். ஆமாம், கம்பெனிக் கோட்டு. கையில் பாட்டில். பிளாங்க் கடைசிவரை கிடைக்காததால் அரை மனதோடுதான் வந்தார். ஒவ்வொரு கோலத்துக்கும் குனிந்து ஒரு சொட்டு விடுவார். "நீலம்" என்பார். கணேஷ்குமார் அதை மைக்கில், "நீலம்!" என்று முழங்குவார். கூட்டம் கைதட்டும். பரிசே கிடைத்த மாதிரி அந்தப் பெண் பூரித்துப்போவாள்.

என் முறை வந்தது. "சார், ஓரமா விடுங்க, தோகைக்கு வெளிய" என்று கெஞ்சினேன். "ஓரத்துல எடுத்தா அது சாம்பிளே இல்ல. நடுவுல எடுக்கணும்" என்று சொல்லி, மயிலின் கழுத்தில் சொட்டினார். கழுத்தில் கன்னங்கரேலென்று ஒரு கண் திறந்தது. "நீலம்!" என்றது மைக். எனக்கு அழுகை வந்தது. பிறகு நடுவர்கள் வந்து, "இது என்ன பறவை?" என்று கேட்டார்கள். எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. குத்துவிளக்கு யாருக்குப் போனது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக அலமு அக்காவின் தேர். தெருவில் பாதியை அடைத்துக்கொண்டு, நாலு சக்கரமும் கொடியும் கலசமுமாக நின்றது. அவ்வளவு வெண்மையான கோலத்தை அந்தத் தெரு பார்த்ததில்லை. சார் குனிந்தார். சொட்டு விழுந்தது.

மஞ்சள்.

இன்னொரு சொட்டு விட்டார். மஞ்சள். சக்கரத்தில் ஒன்று, கலசத்தில் ஒன்று. எல்லாம் மஞ்சள். தேருக்கு மாலை போட்டது போல மஞ்சள் புள்ளிகள். சார் நிமிரவேயில்லை. அந்த நேரத்தில் அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சட்டென்று, "நீலம்" என்று சொல்லிவிட்டு நடந்திருந்தால் யாரும் குனிந்து பார்த்திருக்கப் போவதில்லை. சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"மஞ்சள்" என்றார்.

கணேஷ்குமாருக்கு மைக்கைக் கையில் பிடித்தால் நாகரிகம் மறந்துவிடும். "பங்கேற்பாளர் அலமேலு நாராயணசாமி! அலமேலு நாராயணசாமி அவர்களின் கோலம் கல்மாவு என்பதால் நிராகரிக்கப்படுகிறது!" என்றார். அவள் கேட்ட பெயர் மைக்கில் வந்துவிட்டது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை.

"கல்மாவா?" என்றாள் அக்கா. "இது எப்படிங்க கல்மாவாகும்? நீங்க எனக்காகச் சலிச்சு வெச்சிருந்தீங்களே, அந்த மாவுதானே?"

"நான் சலிச்சேனா?"

"பச்சை மூடி டப்பாவுல."

சார் குனிந்து தேரைப் பார்த்தார். காலையிலிருந்து வீடெல்லாம் தேடிய பிளாங்க், தேராக உருவெடுத்து அவர் காலடியில் கிடந்தது.

"நீங்க ராத்திரி உக்காந்து எதையோ சலிக்கிறதைப் பாத்தேன்" என்றாள் அக்கா. "அடுப்படியில எடுத்து வெச்சீங்க. தொட்டுப் பாத்தா நைசா, வழவழன்னு இருந்துச்சு. மில்லுல குடுத்து அரைச்சுட்டு வந்திருக்காரு, சொல்லாம எடுத்து வெச்சிருக்காருன்னு நெனச்சேன். கல்யாணம் ஆனதுலருந்து எனக்குன்னு நீங்க ஒரு வேலை செஞ்சது இதுதான்னு..."

என் மயிலை நான் மறந்தேன். ஒரு நிமிஷத்துக்குத்தான், ஆனால் மறந்தேன்.

சார் போய் கணேஷ்குமார் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "தப்பு என்னுது" என்றார். "என் பிளாங்க்கை அடுப்படியில வெச்சது என் தப்பு. டப்பா மேல பேர் எழுதாதது என் தப்பு. அலமு மேல ஒரு தப்பும் கிடையாது." எல்லோரும் கைதட்டத் தயாரானோம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? நிறுத்தமாட்டார். "ஆனா மாவு கல்மாவுதான். ரிசல்ட்டுல மாத்தம் இல்ல" என்று சொல்லி மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கையை ஓங்கிக்கொண்டு போகலாமா என்று இருந்தது எனக்கு.

அக்கா வீட்டில் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. சமைத்தாள், பரிமாறினாள், பேசவில்லை. அவர் சட்டைக்குக் கஞ்சி போடவில்லை. நீலக்கறை தேய்க்க எலுமிச்சம்பழம் எடுக்கவில்லை. துவண்டுபோன சட்டையோடு சார் உப்பலுக்குப் போய்வருவதைப் பார்த்தேன். அக்ஷதா மாடிக்கு வந்து, "ஆன்ட்டி, பாட்டில் ஷெல்ஃப்லயே இருக்கு. அப்பா தொடறதே இல்ல. எனக்குப் பயமா இருக்கு" என்று தமிழிலேயே சொன்னாள். அவள் தமிழில் பேசுகிற அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

அப்புறம் ஒருநாள், மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால், அங்கே ஒரு வேட்டியில் ஊறவைத்த பச்சரிசியைப் பரப்பிக்கொண்டு சார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சல்லடை. என்னைக் கண்டதும் திருடன் மாதிரி விழித்தார்.

"அலமுகிட்ட சொல்லாதேம்மா."

"சொல்லலை சார். அரிசியை நிழல்ல உலத்தணும், இப்படி வெயில்ல போட்டா மாவு நறநறன்னு ஆயிரும்."

"அப்படியா? எவ்ளோ ஈரம் நிக்கணும்?" என்று ஆர்வமாகக் கேட்டார். நான் பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன். என் கோபம் எனக்கு இருக்கிறதல்லவா.

பொங்கலன்று விடிகிற நேரத்தில் கீழே ஏதோ உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே சார் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கேல் வைத்து அளந்து புள்ளி வைத்திருக்கிறார். புள்ளியெல்லாம் ராணுவ அணிவகுப்பு. ஆனால் கோடு என்று இழுக்க ஆரம்பித்ததும் எல்லாம் தடுமாறிவிட்டது. தேர் போட முயன்றிருக்கிறார் என்று, அக்காவின் தேரைப் பார்த்த எனக்குத்தான் புரிந்தது. மற்றவர்கள் ஆட்டோ என்று சொல்லியிருப்பார்கள். அதற்குக் கீழே, ஒரு எழுத்துக்கு ஒரு முழம் என்று, கேட்டின் அகலத்துக்கு, 'அலமேலு' என்று எழுதியிருந்தார்.

வாசல் தெளிக்க வாளியோடு வந்த அலமு அக்கா அதைப் பார்த்து நின்றாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். சார் மாவுக் கையோடு அப்படியே இருந்தார்.

திரும்பி வந்தபோது அவள் ஒரு கையில் அயோடின் பாட்டில், இன்னொரு கையில் அரை மூடி எலுமிச்சம்பழம். பழக்க தோஷம். குனிந்து, தன் பெயருக்கு நட்ட நடுவில் ஒரு சொட்டு விட்டாள். அத்தனை மூட்டைகளுக்குத் தீர்ப்புச் சொன்ன மனிதர், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி, முட்டி போட்டபடியே அந்தச் சொட்டைப் பார்த்தார்.

"நீலமா?" என்றார்.

"நீலம்தான்" என்றாள் அக்கா. "சக்கரம் நாலும் நாலு சைஸு."

"ஹவ்" என்றார் சார். ஒத்துக்கொள்கிறாராம்.

அவள் சிரித்துவிட்டாள். நான் மேலே நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினேன். அந்த நேரம் பார்த்துக் காய்க்காரன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தரையில் இருந்ததை எழுத்துக்கூட்டத் தெரியாமல், என்ன எழுதியிருக்கு என்று, "க்யா லிக்கா சாப்?" எனக் கேட்டான். சார் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, மைக் இல்லாமலே சொன்னார்: "அலமேலு!"

கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்தன. போன வருடம் நாங்கள் வெயிலில் நின்று காத்திருந்த அதே எறும்புகளாகத்தான் இருக்க வேண்டும். நீலச் சொட்டை மட்டும் சுற்றிக்கொண்டு போய், மற்ற மாவையெல்லாம் இழுத்துக்கொண்டு போயின. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே அந்த நீலப் புள்ளி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அக்கா அதைத் தேய்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தை அன்று மத்தியானமே சாதத்தில் பிழிந்துவிட்டாள்.